பழைய துணை, புதிய மணவாழ்க்கை: ஆப்பிரிக்கக் குடும்பப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைஜீரியக் குடும்பப் படம் ஒன்றில், கதை சூடுபிடிக்கும் நேரத்தில் பெரும்பாலும் ஒரு கார் வாசலில் நின்று ஹார்ன் அடிக்கும். காவலாளி ஓடிப்போய் இரும்புக் கதவைத் திறப்பார். இறங்கி வருவது கணவனின் பழைய காதலி, அல்லது ஊரிலிருந்து வரும் முதல் மனைவி, அல்லது மனைவி ஒரு காலத்தில் கைவிட்ட காதலன். கூடவே ஒரு சிறுவன் இறங்கினால் விவகாரம் பெரிது. இந்தப் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயல்கிறேன். சில இடங்களில் கதையின் முடிவையும் சொல்லியிருக்கிறேன்.

“ஆப்பிரிக்கப் படம்” என்றால் எந்த நாட்டுப் படம்?

ஐம்பத்து நான்கு நாடுகளின் படங்களை ஒரே கூடையில் போடக் கூடாது. இங்கே பெரும்பாலும் நைஜீரியாவைப் பற்றித்தான் பேசுகிறேன். தென்பகுதியில் ஆங்கிலம், பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலம், இக்போ, யோருபா மொழிகளில் வரும் நாலிவுட் படங்கள், வடக்கே கானோ நகரை மையமாகக் கொண்ட ஹவுசா மொழிப் படங்கள் இரண்டும் இதில் அடங்கும். தேவைப்படும் இடங்களில் கானா, செனகல், தென்னாப்பிரிக்கா. எகிப்தின் சினிமா வேறு உலகம், அதைத் தொடவில்லை.

முன்னாள் காதலனும் முன்னாள் மனைவியும் ஏன் இத்தனை படங்களில் வருகிறார்கள்?

பொறாமை எல்லா நாட்டுச் சினிமாவிலும் உண்டு. அது மட்டும் காரணம் என்றால் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. நைஜீரியக் கதைகளில் யார் “முன்னாள்” என்பதே தகராறுக்குரிய விஷயம். அங்கே திருமணம் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் முடிவதில்லை. இரு குடும்பங்களும் அறிமுகமாகும் நாள் ஒன்று. பரிசம் பேசிக் கொடுக்கும் மரபுத் திருமணம் ஒன்று. அதன்பின் தேவாலயத்திலோ பதிவு அலுவலகத்திலோ நடப்பது இன்னொன்று. முஸ்லிம்களுக்கு நிக்காஹ். ஒருவன் ஊரில் ஒருத்திக்குப் பரிசம் கொடுத்துவிட்டு லாகோஸ் தேவாலயத்தில் இன்னொருத்தியை மணந்தால், இருவரில் யார் மனைவி? ஊர்ப் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள், பாதிரியார் வேறொன்று சொல்வார், வழக்கறிஞர் தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று சொல்வார்.

கட்டப்பட்டதே பல முடிச்சுகளால் என்பதால் அவிழ்ப்பதிலும் ஏதாவது ஒரு முடிச்சு மிஞ்சிவிடுகிறது. பரிசம் திரும்பிப் போயிருக்காது, அல்லது பிள்ளை அங்கேயே இருக்கும், அல்லது இரத்தம் சிந்திச் செய்த காதல் சத்தியம் ஒன்று பாக்கி இருக்கும். பழைய துணை அந்த மிச்ச முடிச்சைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறார். நல்ல கதாசிரியர் அது எந்த முடிச்சு என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுகிறார். மோசமானவர் பழைய காதலிக்குச் சிவப்பு உதட்டுச்சாயம் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்.

பரிசத்தைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி அடிக்கடி வருகிறது. அதற்கு ஏன் அத்தனை அழுகை?

இக்போ மரபில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் பரிசம்தான் திருமணத்தை நிலைநாட்டுகிறது. மணவிலக்கு என்றால் அந்தப் பணம் திரும்பி வர வேண்டும். வராதவரை, பழைய மரபின்படி, அவள் இன்னும் முதல் கணவனின் மனைவிதான். வேறொருவனோடு வாழ்ந்து பிள்ளை பெற்றாலும் அந்தப் பிள்ளைகளுக்கு முதல் கணவன் உரிமை கோரலாம் என்பது அந்த மரபின் கடுமையான பகுதி.

இது சினிமாக்காரர்களின் கற்பனை அல்ல. 1932-இல் நைஜீரிய நீதிமன்றத்துக்கு வந்த எடெட்–எஸ்ஸியன் வழக்கு இதைப் பற்றியதுதான். ஒரு பெண்ணுக்கு அவள் சிறுமியாக இருந்தபோதே பரிசம் கொடுத்திருந்தவர், அவள் பின்னாளில் வேறொருவரோடு வாழ்ந்து பெற்ற பிள்ளைகளைத் தனக்குரியவர்கள் என்று கேட்டார். தன் பணம் திரும்பவில்லை என்பது அவர் வாதம். அத்தகைய வழக்கம் இயற்கை நீதிக்கு முரணானது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. நைஜீரியாவில் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் முடிந்துபோன விவகாரம்தான், ஆனால் குடும்பக் கூடத்தில் முடிந்தபாடில்லை. கிழக்கு நைஜீரியாவில் பரிசத் தொகைக்கு 30 பவுண்டு என்று 1956-இல் உச்சவரம்பு வைத்துச் சட்டம் போட்டார்கள். அதை ஊர் எவ்வளவு மதித்தது என்பதை எந்தத் திருமணப் படத்தைப் பார்த்தாலும் புரிந்துகொள்ளலாம்.

ஆகவே, பெண்ணின் தந்தை பணக்கட்டை மேஜைமீது வைத்து “எடுத்துக்கொள், என் மகள் இனி உன் மனைவி இல்லை” என்று சொல்லும் இடத்தில் கதையின் கணக்கு தீர்கிறது. கணவன் அந்தப் பணத்தை எடுக்காமல் எழுந்து போனால் இரண்டாம் பாகம் வருகிறது என்று பொருள்.

திருமண விருந்தில் மணப்பெண் கோப்பையோடு கூட்டத்துக்குள் சுற்றுவது என்ன சடங்கு?

இக்போ மரபுத் திருமணத்தின் உச்சக் காட்சி அதுதான். தந்தை ஒரு கோப்பையில் கள் ஊற்றி மகள் கையில் கொடுத்து, “உன் கணவனைக் கண்டுபிடித்து இதைக் கொடு” என்பார். மாப்பிள்ளை கூட்டத்தில் ஒளிந்து உட்கார்ந்திருப்பான். அவள் ஆடியபடியே தேடிப் போவாள். வழியில் இளைஞர்கள், கிழவர்கள் எல்லாரும் கையை நீட்டி, “இங்கே வா, நான்தான் மாப்பிள்ளை” என்று கேலி செய்வார்கள். அவள் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தபடி தாண்டிப் போவாள். கடைசியில் மாப்பிள்ளைமுன் மண்டியிட்டுக் கொடுப்பாள். அவன் குடித்துவிட்டுக் கோப்பையில் பணம் வைப்பான்.

திரைக்கதைக்கு இதைவிட வசதியான சடங்கு இல்லை. நீட்டப்படும் கைகளில் ஒன்று பழைய காதலனுடையதாக இருந்தால் போதும். வசனமே வேண்டாம். அவள் நடை ஒரு கணம் நிற்பதை இரண்டு பேர் கவனிப்பார்கள், ஒருவர் மாப்பிள்ளையின் தாய்.

பழைய காதலி ஒரு பிள்ளையோடு வந்தால் ஏன் வீடே கதிகலங்குகிறது?

சொத்துக்காக. நைஜீரியாவின் 1999 அரசமைப்புச் சட்டம், 42-ஆம் பிரிவில், பிறந்த சூழ்நிலையைக் காரணம் காட்டி எவரையும் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்கிறது. மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையும் தந்தையின் சொத்தில் பங்கு கேட்கலாம் என்பது இதன் நடைமுறை விளைவு. மனைவிக்கு மகள்கள் மட்டுமே இருந்து, வாசலில் வந்து நிற்பவன் மகன் என்றால், ஆண்வாரிசு வழக்கத்தில் ஊறிய உறவினர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டாடுவார்கள். மகள்களுக்குத் தந்தையின் சொத்தில் பங்கில்லை என்ற இக்போ வழக்கத்தை 2014-இல் நைஜீரிய உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் படத்தில் வரும் சித்தப்பாக்கள் எவரும் அந்தத் தீர்ப்பைப் படித்ததாகத் தெரியவில்லை.

கானாவில் நிலைமை சற்று வேறு. அங்கே அக்கான் மக்கள் மருமக்கள் வழியைப் பின்பற்றுபவர்கள். இறந்தவரின் சொத்து அவருடைய சகோதரி பிள்ளைகளுக்குப் போனது, மனைவி தெருவில் நின்றாள். 1985-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கை உறுதிசெய்தது. ஆகவே கானாப் படத்தில் முன்னாள் மனைவி பிள்ளைகளோடு சாவு வீட்டுக்கு வந்தால், அவளுக்கும் இந்நாள் மனைவிக்கும் இடையே மட்டும் சண்டை நடப்பதில்லை. இருவரையும் சேர்த்து வெளியேற்றக் கணவனின் தாய்வழிக் குடும்பம் தயாராக நிற்கும். அப்போது எதிரிகளான இரு பெண்களும் கூட்டுச் சேர்வார்கள். என்னைக் கேட்டால் இந்த வகைக் கதைகளில் சுவையான திருப்பம் அதுதான்.

இறந்த மனைவியும் “முன்னாள்” கணக்கில் வருவாளா?

வருவாள். அவள்தான் இந்த வகையின் மூத்தவள் என்றே சொல்லலாம். நாலிவுட் வீடியோ அலை 1992-இல் வந்த ‘லிவிங் இன் பாண்டேஜ்’ என்ற இக்போ மொழிப் படத்திலிருந்து தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். கென்னத் ந்னெபூவே தயாரித்து வீடியோ கேசட்டாக வெளியிட்டார். ஆண்டி என்பவன் பணக்கார ஆசையில் ஒரு இரகசியக் கூட்டத்தில் சேர்கிறான். அவர்கள் கேட்கும் பலி அவன் மனைவி மெரிட். பலி கொடுக்கிறான், பணம் கொட்டுகிறது. ஆனால் மெரிட்டின் ஆவி அவனை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. புதிய துணையோடு சுகமாக வாழலாம் என்ற கணக்கு தப்பிப்போய், அவன் பித்துப்பிடித்துத் தெருவுக்கு வருகிறான்.

இந்தப் படத்தில் என்னைக் கவர்வது, மெரிட் உயிரோடு இருந்தபோது குரலை உயர்த்தாதவள் என்பது. கணவனுக்கு வேலை இல்லாத நாட்களிலும் துணை நின்றவள். ஆவியாக வந்தபிறகும் அவள் சத்தம் போட வேண்டிய தேவை இருக்கவில்லை. 2019-இல் ராம்சே நோவா இதன் தொடர்ச்சியை இயக்கினார். பளபளப்பு கூடியிருந்தது. பழைய கேசட்டின் மங்கலான வெளிச்சத்தில் இருந்த பயம் அதில் இல்லை என்பது என் கருத்து.

“ஆவிக் கணவன்” என்கிறார்களே, அது என்ன?

தேவாலயக் காட்சிகளில் போதகர் ஒரு பெண்ணின் தலையில் கை வைத்து, “இவளை விட்டுப் போ” என்று கத்துவார். அவர் விரட்டுவது பிறப்பதற்கு முன்பே அவளுக்கு வாய்த்துவிட்டதாக நம்பப்படும் ஆவியுலகக் கணவனை. குழந்தை தங்காமல் போவது, வரன்கள் தட்டிப்போவது, கணவன்மேல் காரணமில்லாமல் வெறுப்பு வருவது எல்லாம் அவன் வேலை. நீர்த்தேவதை மாமி வாட்டாவோடு சேர்த்தும் இது வரும். 1994-இல் ஜெப் எஜிரோ இயக்கிய ‘ந்னெக்கா த ப்ரிட்டி சர்ப்பெண்ட்’ அந்தத் தேவதை மரபை எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற படம்.

நாலிவுட் இதைப் பேய் ஓட்டும் விவகாரமாகவே பார்க்கிறது. ஐவரி கோஸ்டின் பவுலே மக்கள் அதே நம்பிக்கையை நாகரிகமாகக் கையாள்வார்கள். ஒவ்வொருவருக்கும் மறு உலகில் ஒரு துணை உண்டு, இங்கே மணம் முடித்ததும் அவர் பொறாமைப்படலாம் என்பது அவர்கள் எண்ணம். தொல்லை மிகுந்தால் குறி சொல்பவரின் ஆலோசனைப்படி அந்தத் துணையின் உருவத்தை மரத்தில் அழகாகச் செதுக்கி வைப்பார்கள். வாரத்தில் ஓர் இரவு அந்தத் துணைக்கு ஒதுக்கப்படும், அன்று கணவனும் மனைவியும் தனித்தனியே படுப்பார்கள். அந்தச் சிற்பங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. போட்டியாளரை விரட்டாமல் கால அட்டவணைக்குள் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டை ஏன் இன்னும் யாரும் நல்ல நகைச்சுவைப் படமாக எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மந்திரம், ஆவி இல்லாத கதைகள் இல்லையா?

நிறைய உண்டு, இப்போது அவைதான் பெரும்பான்மை. கெமி அடெட்டிபா இயக்கிய ‘த வெட்டிங் பார்ட்டி’ 2016-இல் வந்து வசூலில் சாதனை படைத்தது. இக்போ மாப்பிள்ளை, யோருபா மணப்பெண், லாகோஸின் ஆடம்பர விருந்து. மாப்பிள்ளையின் பழைய காதலி ரோசி விருந்துக்கு வந்து கலகம் மூட்டுகிறாள். ஆனால் மணப்பெண்ணின் உள்மனப் பயம் ரோசியைப் பற்றியது அல்ல. மாப்பிள்ளையின் தந்தை நெடுங்காலம் மனைவிக்குத் துரோகம் செய்தவர், மகனும் அப்படித்தான் இருப்பானோ என்பதே கேள்வி. ரோசி அந்தப் புண்ணைக் கிளறிவிடுகிறாள், அவ்வளவே.

தென்னாப்பிரிக்காவில் சிந்தியா ஜெலேயின் நாவலைத் தழுவி, தபாங் மொலேயா இயக்கத்தில் அதே 2016-இல் வந்தது ‘ஹேப்பினஸ் இஸ் எ ஃபோர்-லெட்டர் வேர்ட்’. ஜோஹன்னஸ்பர்க்கின் வழக்கறிஞர் நந்திக்குத் திருமணம் நெருங்குகிறது, பழைய காதலன் லியோ திரும்பி வருகிறான். இங்கே சூழ்ச்சி செய்பவர் எவரும் இல்லை. தடுமாறுவது நந்தியின் மனம்தான்.

நைஜீரியாவுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு: இரத்தப் பரிசோதனை. அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை இரத்த நோய்க்கான மரபணுவைத் தாங்குபவர்கள் அங்கே ஏறத்தாழ நான்கில் ஒருவர். இருவருமே அதைத் தாங்குபவர்கள் என்றால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பல தேவாலயங்கள் திருமணத்துக்கு முன் சோதனைச் சீட்டைக் கேட்கின்றன. ஆகவே சண்டையில்லாமல், வெறுப்பில்லாமல், ஒரு துண்டுக் காகிதத்துக்காகப் பிரிந்த காதலர்கள் அந்த நாட்டில் உண்மையிலேயே இருக்கிறார்கள். அப்படிப் பிரிந்தவன் பத்து ஆண்டு கழித்து எதிரே வந்தால், அவளிடம் அவனை வெறுக்கக் காரணம் ஏதும் இல்லை. புதிய கணவனுக்கு இதைவிட ஆபத்தான போட்டியாளர் யார்?

முன்னாள் மனைவி எப்போதும் வில்லிதானா?

மலிவான படங்களில் ஆம். செனகலின் உஸ்மான் செம்பேன் இந்தச் சந்தேகத்தையே கேலி செய்தவர். அவருடைய ‘ஹாலா’ (1975) படத்தில் ஒரு பணக்கார வணிகன் மூன்றாவதாக ஓர் இளம்பெண்ணை மணக்கிறான். முதலிரவில் ஆண்மை அற்றுப்போகிறது. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள். பழியை மூத்த மனைவியர்மேல் போடுவதுதானே சுலபம்! ஆனால் செய்தது அவர்கள் இல்லை. முன்பு இந்த வணிகன் நிலத்தை ஏமாற்றிப் பறித்ததால் பிச்சைக்காரனாகிப்போன உறவினன் ஒருவன் செய்தது அது. பழைய கணக்கு ஒன்று மணவாழ்க்கையைக் கெடுத்தது உண்மைதான், ஆனால் அது காதல் கணக்கு அல்ல.

அவரே 2000-இல் எடுத்த ‘ஃபாத் கினே’யில் கதாநாயகி செனகல் தலைநகர் தாக்கரில் பெட்ரோல் பங்க் ஒன்றை நிர்வகிப்பவள். இரண்டு ஆண்கள் அவளைக் கர்ப்பமாக்கிவிட்டுக் கைவிட்டவர்கள். ஒருவர் அவளுடைய ஆசிரியர். பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்துப் பள்ளி இறுதித் தேர்வில் தேற வைக்கிறாள். அந்தத் தேர்ச்சியைக் கொண்டாடும் விருந்தன்று தந்தையர் இருவரும் வெட்கமின்றி வந்து உரிமை கொண்டாடுகிறார்கள். அவர்களைப் பேசி வெளியேற்றுவது அவள் அல்ல, மகன். முன்னாள் துணைகள் ஆண்களாக இருந்து, தொல்லை முழுவதும் அவர்களாலேயே வருகிற கதை வேண்டுமென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மாமியாருக்கு இதில் என்ன வேலை?

முன்னாள் துணையை வீட்டுக்கு அழைத்து வருவதே பல படங்களில் அவர்தான். பேஷன்ஸ் ஒசோக்வோர் திரையில் வந்தால் மருமகளுக்குக் கெட்ட காலம் என்று ரசிகர்களுக்குத் தெரியும். அவருக்கு மாமா ஜி என்றே செல்லப் பெயர்.

ஹவுசா படங்களில் இந்தக் கதை எப்படி மாறுகிறது?

அங்கே இஸ்லாமியச் சட்டப்படியே பல மனைவியர் உண்டு, ஆகவே கதையின் மையத்தில் சக்களத்தி இருப்பாள். முன்னாள் கணவனும் வலுவான பாத்திரம். முதல் அல்லது இரண்டாம் தலாக்குக்குப் பின் இத்தா எனும் காத்திருப்புக் காலம் முடிவதற்குள் அவன் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். மூன்றாம் தலாக்கும் சொல்லிவிட்டால், அவள் வேறொருவரை மணந்து அந்த உறவும் முடிந்த பிறகே பழையவனை மணக்க முடியும். கோபத்தில் மூன்றாவதையும் சொல்லிவிட்டு மறுநாளே வருந்துகிறவன், இன்னொருவனைத் தற்காலிகக் கணவனாக ஏற்பாடு செய்யப் பார்ப்பான். முன்கூட்டிப் பேசிவைத்து அப்படிச் செய்வதை மார்க்க அறிஞர்கள் கண்டிக்கிறார்கள். அந்தத் தற்காலிகக் கணவன் அவளை உண்மையாகவே நேசிக்கத் தொடங்கிவிட்டால் கதை தானாக ஓடும்.

இந்தப் படங்களில் பாட்டும் நடனமும் இருக்கும். இந்தித் திரைப்படங்கள் வட நைஜீரியாவில் பல பத்தாண்டுகளாக ஓடியதன் தாக்கம் அது. 2015-இல் தொடங்கிய ஜீ வேர்ல்டு சேனல் வழியே ஆங்கிலத்தில் மொழிமாற்றிய இந்தியத் தொடர்களும் ஆப்பிரிக்க வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தத் தொடர்களிலும் முன்னாள் மனைவியருக்குப் பஞ்சம் இல்லை.

முதல் மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியை மணக்கிறார்களே, வழக்கே வராதா?

நைஜீரியாவில் பதிவுச் சட்டப்படி நடந்த திருமணம் ஒருவனுக்கு ஒருத்தி என்பதுதான். அதை மீறினால் தென்மாநிலங்களின் குற்றவியல் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை. வழக்குத் தொடுப்பது அரிது. 1970-இன் மண வழக்குச் சட்டப்படி திருமணமாகி இரண்டு ஆண்டுகளுக்குள் மணவிலக்குக் கேட்கவும் நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1998-இன் சட்டம் மரபுத் திருமணங்களை அங்கீகரித்தது. சோங்கா மரபில் இரண்டாம் திருமணம் செல்லுபடியாக முதல் மனைவியின் சம்மதம் வேண்டும் என்று 2013-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. கணவன் இறந்தபின் ஒரே நேரத்தில் இருவர் விதவை என்று வந்து நின்றதால் எழுந்த வழக்கு அது. திரைக்கதை எழுதுபவர் செய்ய வேண்டியதெல்லாம் பெயர்களை மாற்றுவதுதான்.

படங்கள் ஏன் பாகம் 1, பாகம் 2 என்று நீள்கின்றன?

கேசட், சிடி காலத்தில் லாகோஸின் இடுமோட்டா, அலாபா சந்தை வணிகர்களும் ஒனிட்ஷா நகரச் சந்தை வணிகர்களும்தான் முதலீட்டாளர்கள். ஒரே கதையை இரண்டாக வெட்டினால் இரண்டு முறை விற்கலாம். பழைய காதலி வாசலில் நிற்கும் இடம் வெட்டுவதற்குத் தோதானது. இப்போது யூடியூப் வந்துவிட்டது. ருத் கதிரி, ஒமோனி ஒபோலி போன்ற நடிகைகள் சொந்த சேனலிலேயே முழுப் படங்களை வெளியிடுகிறார்கள். ஆள் குறைவு, ஒரு வீடு, ஒரு கார், ஓர் உணவகம். குறைந்த செலவில் வீட்டுக்குள்ளேயே நாடகம் வேண்டும் என்றால் முன்னாள் துணையைவிடச் சிக்கனமான பாத்திரம் கிடைக்காது.

எங்கே தொடங்கலாம்?

பொழுதுபோக்குக்கு ‘த வெட்டிங் பார்ட்டி’. நிதானமாகப் பார்க்க நேரம் இருந்தால் ‘ஃபாத் கினே’, அதன்பின் ‘ஹாலா’. ‘லிவிங் இன் பாண்டேஜ்’ பார்க்கும்போது படத்தரத்தை எதிர்பார்க்க வேண்டாம், நடிப்பைப் பாருங்கள். இவற்றைத் தமிழ் வசனவரிகளோடு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், ஆங்கில வரிகளே போதும். பிட்ஜின் முதல் அரை மணி நேரம் காதில் ஏறாது. காவலாளியும் வீட்டம்மாவும் பேசும் காட்சிகளைக் கவனித்தால் சீக்கிரம் பிடிபடும், படத்தின் நல்ல வசனங்களும் பெரும்பாலும் அந்தக் காவலாளிக்குத்தான்.